கேலிப்பர் கைடு பின் இறுகினால்: அறிகுறியை வைத்துச் சரிபார்க்கும் முறை

எங்கள் வீட்டு வேகன் ஆர் 2006 மாடல். குளச்சலில், அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில், தகரக் கூரைக்குக் கீழே நிற்கும். வாரம் இரண்டு முறை குலசேகரம் தாண்டி ரப்பர் தோட்டம் வரை ஏறி இறங்கும். இந்த வண்டியிலும், அக்கா வீட்டு வண்டியிலும், தெருக்காரர்கள் சிலரின் வண்டிகளிலும் ஒரே கோளாறைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். முன் சக்கரத்து கேலிப்பரில் கைடு பின் இறுகிப்போவதுதான் அது. ஒரு தடவை கருகல் வாடையாக வரும். இன்னொரு தடவை பிரேக் மிதித்தால் வண்டி ஓரமாக ஓடும். வேறொரு தடவை வாங்கி எட்டு மாதம் ஆகாத பிரேக் பேட் தீர்ந்துபோயிருக்கும். அதனால் அறிகுறி வாரியாகவே எழுதுகிறேன். உங்கள் வண்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

தெரிந்திருக்க வேண்டியது இவ்வளவுதான். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரண்டு பேடுகளுக்கு நடுவே கவ்விப் பிடிப்பது கேலிப்பர். அது இரண்டு கைடு பின்களின் மேல் உள்ளும் வெளியும் நகர வேண்டும். நகர்ந்தால்தான் டிஸ்க்கின் இரண்டு பக்கத்துப் பேடும் ஒன்றுபோலப் பிடிக்கும், ஒன்றுபோல விடும். துருவினாலோ காய்ந்த கிரீஸினாலோ பின் துளைக்குள் இறுகினால், ஒரு பேட் மட்டும் உழைக்கும், இல்லாவிட்டால் பிடித்த பிடியை விடாது.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இதற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை உப்புக்காற்று. ஜூனில் ஒரு மழை, அது ஓய்ந்ததும் அக்டோபரில் இன்னொரு மழை. மீன் வண்டிகள் ஐஸ் தண்ணீரைச் சிந்திக்கொண்டே போகும் ரோடுகள். இதோடு, வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களின் வண்டிகள் பத்துப் பதினொரு மாதம் ஷெட்டில் நின்று, கிறிஸ்துமஸுக்குத்தான் வெளியே வருகின்றன. நான் பார்த்தவரை, ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டியில்தான் பின் சீக்கிரம் பிடிக்கிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். பேட் தேய்ந்துவிட்டது என்று யார் சொன்னாலும், புதுப் பேட் வாங்கும் முன் பின்னை உருவிப் பாருங்கள். பின் இறுகியிருக்கும்போது போடுகிற புதுப் பேட் பழைய பேட் போன வழியில்தான் போகும்.

## வண்டியைத் தூக்கும் முன்

பிரேக் வேலையில் பிரேக்கைவிட ஜாக்கியால்தான் அதிகம் பயப்பட வேண்டும். சமதளமான சிமெண்ட் தரை வேண்டும். மழைக்கு ஊறிய மண் முற்றமாக இருந்தால் ஜாக்கிக்கு அடியில் கெட்டிப் பலகை போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பின்பக்க இரண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் அடை வையுங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். முன் சக்கரத்தில் ஓடும் வண்டியை கியரில் போட்டுவிட்டு ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் அந்தச் சக்கரம் சுற்றாது. பிரேக்தான் பிடித்திருக்கிறது என்று ஏமாந்துபோவீர்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடக் கூடாது. ஸ்டாண்ட் வையுங்கள். கழற்றிய சக்கரத்தையும் பாடிக்கு அடியில் படுக்கப் போட்டுவிடுங்கள். ஹாலோ பிளாக்கையும் செங்கல்லையும் ஸ்டாண்ட் மாதிரி வைப்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன், அது சொல்லாமல் கொள்ளாமல் உடையும். தயவுசெய்து வேண்டாம்.

பிரேக் தூசியை வாயால் ஊதவோ காற்று அடிக்கவோ கூடாது. பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள்.

## அறிகுறி: ஓட்டி வந்ததும் ஒரு சக்கரம் மட்டும் கொதிக்கிறது, கருகல் வாடை

முதலில் நியாயமான சோதனையாகச் செய்யுங்கள். பேச்சிப்பாறையில் இருந்து இறங்கி வந்ததும் தொட்டால் இரண்டு முன் சக்கரமும் சூடாகத்தான் இருக்கும், அது கோளாறு இல்லை. மட்டமான ரோட்டில் ஐந்து கிலோமீட்டர், முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் ஓட்டி, மெல்ல உருட்டி நிறுத்துங்கள். சக்கரத்தின் நட்டுகளுக்குப் பக்கத்தில் புறங்கையைக் கொண்டுபோய் இடமும் வலமும் ஒப்பிடுங்கள். டிஸ்க்கைத் தொட வேண்டாம், தோல் உரிந்துவிடும்.

பின்பக்கச் சக்கரம் சூடு என்றால் பழைய சிறிய கார்களில் அங்கே டிரம்தான் இருக்கும். ஹேண்ட் பிரேக் கேபிள் திரும்பாமல் நிற்கிறதா என்று பாருங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள வேலை அதற்குப் பொருந்தாது.

முன் சக்கரம் இரண்டும் ஒரே மாதிரி சூடு என்றால் கைடு பின்னைச் சந்தேகப்படாதீர்கள். பெடலில் கொஞ்சம்கூட விளையாட்டு (பிரேக் பிடிக்கும் முன் சும்மா அமுங்கும் தூரம்) இல்லாமல் இருப்பது, மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர் என்று கதை வேறு பக்கம் போகும். மெக்கானிக்கிடம் விடுங்கள்.

முன்னால் ஒரு பக்கம் மட்டும் சூடு என்றால் அந்தப் பக்கத்தைத் தூக்கிக் கையால் சுற்றுங்கள். பேட் லேசாக உரசும் சத்தம் எல்லா வண்டியிலும் உண்டு. இரண்டு கையாலும் தள்ளித்தான் சுற்ற முடிகிறது என்றால் பிடித்திருக்கிறது. இனி செலவு குறைந்ததில் இருந்து பார்த்துக்கொண்டு வாருங்கள்.

பேட் முதலில். பேடின் இரு முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகள், கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் பள்ளத்தில் உட்காரும் இடத்தில் துரு ஏறினால் பேடே அசையாது. பேடை எடுத்து, பள்ளத்தைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். செலவு கிடையாது.

அடுத்து கைடு பின். கீழே தனித் தலைப்பு இருக்கிறது. பத்து வண்டியில் ஏழெட்டு வண்டி என் கையில் இந்த இடத்திலேயே சரியாகிவிட்டன.

பிறகு ஹோஸ். வெளியே நன்றாகத் தெரியும் பழைய ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி அடைத்துக்கொள்ளும். பிரேக் ஆயில் போகும், திரும்பாது. இதைக் கண்டுபிடிக்க, சக்கரம் இறுகியிருக்கும்போதே கேலிப்பரில் ஏர் எடுக்கும் திருகான பிளீடர் நிப்பிளில் ஒரு டியூப் மாட்டி பாட்டிலில் விட்டு, நிப்பிளைக் கால் சுற்று திறவுங்கள். சக்கரம் உடனே விடுபட்டால் ஹோஸ் அல்லது அதற்கு மேலே உள்ள பகுதியில் குறை. விடுபடவே இல்லை என்றால் கைடு பின், பேட், பேடைத் தள்ளும் பிஸ்டன் இவற்றில் ஒன்று. நிப்பிளைத் திறந்து மூடும் வரை பெடலை யாரும் மிதிக்கவோ விடவோ கூடாது. பிரேக் ஆயிலில் இருந்து ஏர் எடுத்துப் பழக்கம் இல்லாதவர்கள் இந்தச் சோதனையை மெக்கானிக்கைக் கொண்டு செய்யுங்கள்.

கடைசியில் பிஸ்டன். பழைய பேடை மேலே வைத்து ஜி கிளாம்ப்பால் மெதுவாக அழுத்தினால் பிஸ்டன் ஒரே சீராக உள்ளே போக வேண்டும். விட்டு விட்டுப் போனாலும், போகவே இல்லை என்றாலும், பிஸ்டன் மேலுள்ள ரப்பர் கிழிந்திருந்தாலும் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அழுத்தும் முன் பானட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பிஸ்டன் உள்ளே போகப் போக மேலே மட்டம் ஏறும். நிரம்பியிருந்தால் சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். சிந்தினால் பெயிண்ட் உரியும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

## அறிகுறி: ஒரே சக்கரத்தில் ஒரு பேட் தகடாகிவிட்டது, இன்னொன்று புதிதுபோல இருக்கிறது

இரண்டு பேடுக்கும் இடையே ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருப்பது சகஜம். ஒன்றில் லைனிங் (டிஸ்க்கில் உரசித் தேயும் பகுதி) 8 மில்லிமீட்டரும் மற்றதில் 3 மில்லிமீட்டரும் இருந்தால் சகஜம் இல்லை.

பெரும்பாலும் உள்பக்கப் பேட்தான் தேயும். பிஸ்டன் அதை நேரடியாகத் தள்ளுகிறது. கேலிப்பர் நகராததால் வெளிப்பக்கப் பேட் சும்மா இருக்கிறது. ஆகவே முதல் சந்தேகம் கைடு பின், அடுத்தது பிஸ்டன். வெளிப்பக்கப் பேட் தேய்ந்து உள்பக்கம் அப்படியே இருந்தால், கேலிப்பர் வெளியேயிருந்து இழுபட்டு வந்து திரும்பிப் போகாமல் நிற்கிறது. அப்போது பின்னும் வெளிப்பேடின் காதும்தான் பார்க்க வேண்டிய இடங்கள்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. சக்கரத்தின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தால் கண்ணில் படுவது வெளிப்பேட் மட்டும். "பேட் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பிய வண்டியில், உள்ளே லைனிங் முழுவதும் தீர்ந்து இரும்பு டிஸ்க்கை உழுதுகொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அக்கா குழந்தைகளை ஏற்றிக்கொண்டு அந்த வண்டியில்தான் தினமும் தக்கலை போய் வந்தாள். அன்றிலிருந்து சக்கரத்தைக் கழற்றாமல் பேடைப் பற்றி நான் எதுவும் சொல்வதில்லை.

லைனிங் 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றுங்கள். மாற்றும்போது இரண்டு பக்கத்துச் சக்கரத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

## அறிகுறி: பேட் ஆப்பு மாதிரி சாய்வாகத் தேய்ந்திருக்கிறது

இரண்டு பின்னில் ஒன்று ஓடுகிறது, மற்றது நிற்கிறது. கேலிப்பர் கோணலாகப் போய்ப் பிடிக்கிறது. எந்தப் பின் என்பதைச் சாய்வைப் பார்த்து முடிவு கட்டாமல் இரண்டையும் உருவுங்கள். பேடின் கிளிப் தப்பாக மாட்டியிருந்தாலும் இப்படி வரும், மாட்டும்போது அதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

## அறிகுறி: வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது

எப்போது இழுக்கிறது என்பதுதான் முக்கியம்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால்: இடப்பக்கம் இழுத்தால் எல்லோரும் இடப்பக்கத்தைத்தான் கழற்றுவார்கள். கோளாறு பெரும்பாலும் வலப்பக்கத்தில் இருக்கும். வலப்பக்கக் கேலிப்பர் இறுகி ஒழுங்காகப் பிடிக்காததால் இடப்பக்கம் முந்திக்கொண்டு பிடிக்கிறது.

பிரேக்கைத் தொடாமலே இழுத்தால்: இழுக்கிற பக்கத்தில்தான் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. மேலே சொன்ன சூட்டுச் சோதனையைச் செய்யுங்கள்.

இரண்டிலும் முதல் வேலை டயர் காற்றை இரண்டு பக்கமும் ஒரே அளவாக்குவது. பெட்ரோல் பங்கில் இரண்டு நிமிஷ வேலை. அதற்குப் பிறகும் இழுத்தால் பேடில் கிரீஸோ ஆயிலோ பட்டிருக்கிறதா என்று பாருங்கள், பட்ட பேட் தேறாது. அதற்கடுத்து கைடு பின். பின்னும் நன்றாக இருந்து ஹோஸிலும் குறை இல்லை என்றால் சஸ்பென்ஷன் புஷ், அலைன்மென்ட் பக்கம் போக வேண்டும். அது வேறு ஆள், வேறு செலவு.

ஆரல்வாய்மொழி பக்கம் காற்று பலமாக வீசும் நாளில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற காற்று உங்கள் வண்டியையும் தள்ளும்.

## அறிகுறி: பள்ளத்தில் இறங்கினால் முன்னால் கடகட சத்தம்

அதே ரோட்டில் பெடலை லேசாகத் தொட்டுக்கொண்டே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் கேலிப்பர் ஆடுகிறது. நிற்கவில்லை என்றால் லிங்க் ராட், ஸ்ட்ரட் என்று வேறு இடம்.

கேலிப்பர்தான் என்றால் உடனே வண்டியை நிறுத்திக் கைடு பின்னின் போல்ட் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். லூஸான போல்ட் கழன்று விழுந்தால் கேலிப்பர் தூக்கி அடித்து சக்கரத்துக்குள் மாட்டும். போல்ட் நன்றாக இருந்தால் பேட் கிளிப் இருக்கிறதா பாருங்கள். பேட் மாற்றும்போது பழைய கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்படியே மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. கிளிப்பும் இருக்கிறது என்றால் பின்னைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருக்கும், அல்லது கிரீஸே இல்லாமல் பின் வெறுமனே ஆடும்.

## அறிகுறி: மழை பெய்த மறுநாள் காலை முதல் பிரேக்கில் உறுமல்

டிஸ்க்கின் மேல் இரவில் படிந்த மெல்லிய துரு. மூன்று நான்கு பிரேக்கில் துடைத்துக்கொண்டு போய்விடும். இதற்காக எதையும் கழற்ற வேண்டாம். அரை கிலோமீட்டர் தாண்டியும் நிற்காவிட்டால் மட்டும் பேடைப் பாருங்கள்.

## கைடு பின்னை உருவிப் பார்ப்பது

சக்கரத்தைக் கழற்றியதும் கேலிப்பரின் பின்புறம் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு போல்ட் தெரியும். பல வண்டிகளில் 12 அல்லது 14 எம்எம் ஸ்பேனர் சேரும், சிலவற்றுக்கு ஆலன் கீ வேண்டும். போல்ட்டைத் திருப்பும்போது உள்ளே பின்னும் சேர்ந்து சுற்றும். மெல்லிய ஓப்பன் ஸ்பேனரால் பின்னின் தட்டைப் பகுதியைப் பிடித்துக்கொண்டு போல்ட்டை மட்டும் திருப்புங்கள். பிடிக்காமல் திருப்பினால் பூட் (பின்னை மூடியிருக்கும் ரப்பர் உறை) முறுக்கிக் கிழியும். அப்புறம் எவ்வளவு சுத்தம் செய்தாலும் தண்ணீர் உள்ளே போகும்.

கேலிப்பரைக் கழற்றியதும் ஹோஸில் தொங்கவிடாதீர்கள். கட்டுக்கம்பியால் ஸ்ப்ரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள்.

இப்போது மேல் பின் எது, கீழ் பின் எது என்று டேப் ஒட்டிக் குறித்துவையுங்கள். பல வண்டிகளில் இரண்டும் ஒன்றல்ல. ஒன்று வழுவழுப்பாக இருக்கும், மற்றதன் நுனியில் ரப்பர் புஷ் இருக்கும். எது மேலே என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்றினால், சந்தேகம் வரும்போது மறுபக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

இரு விரலால் இழுத்ததும் வந்துவிட்டால் பின்னில் கோளாறு இல்லை. துடைத்துப் புதுக் கிரீஸ் போட்டு மாட்டிவிட்டு, உங்கள் அறிகுறிக்கு அடுத்த காரணத்துக்குப் போங்கள்.

இழுத்தால் வரவில்லை, ஸ்பேனரால் சுற்றினால் அசைகிறது என்றால் நேராக இழுக்காதீர்கள். இடமும் வலமும் கால் கால் சுற்றாகத் திருப்பிக்கொண்டே வெளியே கொண்டுவாருங்கள். பொறுமை வேண்டும். பூட்டின் உதட்டைத் தூக்கி டபிள்யூடி-40 அடித்து அரை மணி நேரம் விட்டால் இளகும். ஆனால் அந்த எண்ணெய் பட்ட பூட்டையும் புஷ்ஷையும் மறுபடி போடக் கூடாது, புது கிட் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னும் பூட்டும் சேர்ந்த கிட்டின் விலை நூறுகளில்தான் இருக்கும், முழுக் கேலிப்பர் போலப் பர்ஸைக் கடிக்காது.

அசையவே இல்லை என்றால் பிராக்கெட்டை வண்டியில் இருந்து கழற்றி வைஸில் பிடித்துத்தான் வேலை செய்ய வேண்டும். அத்தான் மூன்று வருஷம் கழித்து லீவில் வந்தபோது அவருடைய வண்டியில் கீழ் பின் இப்படித்தான் நின்றது. நான் சுத்தியலை எடுத்தேன். தக்கலையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணாச்சி பக்கத்தில் நின்றார். "அடிச்சா தலை போயிரும் மக்கா. ராத்திரி முழுக்க எண்ணெய் விட்டு வையி, காலைல தானா பேசும்" என்றார். காலையில் ஸ்பேனர் போட்டதும் கிர்ரென்று ஒரு சத்தம். செந்நிறப் பொடி உதிர்ந்தது. பின் ஒரு நூல் சுற்றியது. அந்த ஒரு நூலை இரண்டாக்க அரை மணி நேரம் ஆனது. ஆனால் முழுசாக வந்தது.

கேஸ் டார்ச்சால் சூடு காட்டுவது கடைசி வழி. அதையும் பிராக்கெட் தனியாக, ரப்பர் எதுவும் இல்லாமல் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். பிரேக் கிளீனர் அடித்த உலோகத்தைத் தீயில் காட்டவே கூடாது. சில பிரேக் கிளீனர்களின் ஆவி சூட்டில் விஷவாயுவாக மாறும். எனக்குக் கேட்டால், டார்ச் தேவைப்படும் கட்டத்திலேயே லெய்த் உள்ள ஒர்க்ஷாப்புக்கு எடுத்துப் போய்விடுங்கள் என்பேன்.

## பின்னும் துளையும் சுத்தம் செய்வது

பின்னைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். நகத்தை நீளவாக்கில் ஓட்டுங்கள். நகம் எங்கும் தட்டாமல் போனால் பின் தேறும். பழுப்பு நிறக் கறை மட்டும் என்றால் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால், அல்லது 600 நம்பர் எமரி பேப்பரால் நீளவாக்கில் தேய்த்தால் போய்விடும். நகம் குழியில் விழுந்தால் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். மேல்பூச்சு போன பின் அடுத்த மழைக்கே துருப்பிடிக்கும். மாற்றிவிடுங்கள்.

பலர் பின்னை மட்டும் பளபளவென்று ஆக்கிவிட்டுத் துளையை விட்டுவிடுகிறார்கள். பாதிக் கோளாறு துளைக்குள்தான் இருக்கிறது. பழைய கிரீஸ் தார் போல அடியில் கட்டியிருக்கும். நான் செய்வது இது. நான்கைந்து தென்னை ஈர்க்கைச் சேர்த்துப் பிடித்து, பருத்தித் துணிக் கிழிசலை இறுக்கமாகச் சுற்றி, பிரேக் கிளீனரில் நனைத்துத் துளைக்குள் விட்டுத் திருகுவேன். முதல் துணி கறுப்பாக வரும். இரண்டாவது செம்பழுப்பாக வரும், அது துரு. துணி வெள்ளையாக வரும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள். ஏழெட்டுத் துணி ஆகும். ஈர்க்கு வளைந்து கொடுக்கும், துளையின் சுவரைக் கீறாது. டிரில் பிட் போட்டுத் துளையைப் பெரிதாக்கும் வேலை வேண்டவே வேண்டாம்.

ரப்பரைப் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எதிலும் கழுவாதீர்கள். பூட் நன்றாக இருந்தால் சோப்புத் தண்ணீர் போதும். காய்ந்த பிறகு விரலால் விரித்துப் பாருங்கள். மடிப்புக்குள் ஊசிமுனை விரிசல் இருந்தாலும் மாற்றுங்கள்.

## எந்தக் கிரீஸ், எவ்வளவு

இந்த வேலை முழுவதும் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வீல் பேரிங்குக்குப் போடும் மஞ்சள் கிரீஸ், பழுப்புக் கிரீஸ், என்ஜின் ஆயில், தேங்காய் எண்ணெய் எல்லாமே தப்பு. பிரேக்கில் உள்ள ரப்பருக்குக் கனிம எண்ணெய் ஆகாது, உப்பிவிடும். ஒரு ஒர்க்ஷாப்பில் மஞ்சள் கிரீஸ் போட்டுக் கொடுத்த வண்டியை நான்கு மாதம் கழித்துத் திறந்தேன். பின் நுனியில் இருந்த புஷ் ஊறப்போட்ட கொண்டைக்கடலைபோல உப்பித் துளையை அடைத்திருந்தது. துரு ஒரு பொட்டுகூட இல்லை. கிரீஸ்தான் பின்னைப் பிடித்து நிறுத்தியிருந்தது.

கேலிப்பர் பின்னுக்கென்று விற்கும் சிலிகோன் கிரீஸைக் கேட்டு வாங்குங்கள். ரப்பருக்கு ஆகும் என்று மேலே எழுதியிருக்க வேண்டும். சிறு பாக்கெட்டே இரண்டு சக்கரத்துக்குக் காணும். செம்பு நிறத்தில் வரும் காப்பர் கிரீஸ் பேடின் முதுகுக்கும் காதுக்கும் மட்டும், பின்னுக்கு வேண்டாம்.

அளவு, பின்னின் மேல் ஒரு மெல்லிய பூச்சு. பூட்டின் உதட்டுக்குள் ஒரு மிளகளவு. அதிகம் போட்டால் நல்லது என்று அள்ளி அப்பினால், துளையின் அடியில் கிரீஸும் காற்றும் சிக்கிக்கொண்டு பின் உள்ளே போக மறுக்கும். போனாலும் மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு வரும்.

## மாட்டும்போது

பின்னை உள்ளே தள்ளிவிட்டு, பூட்டின் உதட்டை லேசாக விலக்கினால் சிக்கிய காற்று புஸ்ஸென்று போகும். பிறகு பூட் பள்ளத்தில் சுற்றிலும் உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பாருங்கள். பின்னை இழுத்தால் வழுக்கிக்கொண்டு வர வேண்டும், விட்டால் எகிறக் கூடாது. இது சரியாக வரும்வரை போல்ட்டைக் கையில் எடுக்காதீர்கள்.

பின் போல்ட் சிறியது. பொதுவாக 20 முதல் 35 நியூட்டன் மீட்டருக்குள்தான் முறுக்கு. பிராக்கெட் போல்ட் பெரியது, அதற்கு இதைப்போல மூன்று மடங்கு வரை போகும். உங்கள் வண்டியின் சரியான அளவை சர்வீஸ் மேனுவலில் பார்த்து டார்க் ரெஞ்ச்சால் இறுக்குங்கள். நீளமான பைப் போட்டு மிதித்து இறுக்கினால் மரை போய்விடும்.

சக்கரத்தை மாட்டி இறக்கியதும், வண்டியை எடுக்கும் முன் பெடலைப் பத்துத் தடவை மிதியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியதால் முதல் மிதிகள் தரை வரை போகும். பெடல் கல் போல ஆன பிறகுதான் ஸ்டார்ட். மறந்துவிட்டு ஷெட்டில் இருந்து நேராகத் தெருவுக்கு வந்தால் முதல் பிரேக் பிடிக்காது. பிரேக் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். முதலில் தெருவுக்குள் நடை வேகத்தில், பிறகு நாற்பதில், ஓட்டி நிறுத்திப் பாருங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு வீல் நட்டை மறுபடி ஒரு தடவை இறுக்கம் பார்க்க வேண்டும்.

## சரிசெய்து இரண்டு மாதத்தில் மறுபடி பிடித்துவிட்டது

மேல் பின்னும் கீழ் பின்னும் இடம் மாறியிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். அடுத்து கிரீஸ், மேலே சொன்ன உப்பல் இருக்கிறதா என்று. அதற்கடுத்து பூட், சுற்றிலும் உட்காராமல் ஒரு ஓரம் மட்டும் மடிந்திருந்தாலும் மழைத் தண்ணீர் போகும். இவை எல்லாம் சரி என்றால் துளையின் சுவரே அரித்திருக்கிறது. பிராக்கெட்டை மாற்ற வேண்டியதுதான். அதற்குப் பிறகும் வந்தால் பின்னை விட்டுவிட்டு பிஸ்டனையும் ஹோஸையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடலோரத்தில் நிற்கும் வண்டிக்கு நான் வருஷத்துக்கு இரண்டு தடவை பின்னை உருவுகிறேன். இடவப்பாதி மழைக்கு முன் மே மாதத்தில் ஒரு தடவை, ஐப்பசி கார்த்திகை மழை ஓய்ந்து ஜனவரியில் ஒரு தடவை. மலையோரத்தில் நிற்கும் வண்டிக்கு வருஷத்துக்கு ஒன்று போதும். வெளிநாடு போகிறவர்கள் வண்டியை வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஸ்டார்ட் செய்தால் பேட்டரிக்குத்தான் கொஞ்சம் உதவும். தெருமுனை வரை ஓட்டி, நான்கு தடவை பிரேக் மிதித்துத் திரும்பச் சொல்லுங்கள். அப்போதுதான் பின் நகரும்.

## மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டிய இடம்

கீழே உள்ளதில் ஒன்று தெரிந்தாலும் கையை எடுத்துவிடுங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு போகவும் வேண்டாம், ஆளை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அல்லது ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள்.

- பெடல் மெல்ல மெல்ல அடியில் இறங்குகிறது, அல்லது பஞ்சு போல அமுங்குகிறது.
- சக்கரத்தின் உள்பக்கம், ஹோஸ், பிஸ்டன் ஓரம், எங்காவது பிரேக் ஆயில் கசிகிறது.
- பிஸ்டன் ஜி கிளாம்ப்புக்கு அசையவில்லை.
- பின்னின் தலை முறிந்துவிட்டது, அல்லது போல்ட்டின் மரை போய்விட்டது.
- டிஸ்க்கில் விரிசல், நீலம் பாய்ந்த திட்டு, விரல் நுனி விழும் அளவு வரி. டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும், அதற்குக் கீழே போயிருந்தாலும் இதே கணக்குத்தான்.

போகும்போது பழைய பேட் இரண்டையும், எது உள், எது வெளி என்று எழுதி, ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். நல்ல மெக்கானிக் உங்கள் விளக்கத்தைக் கேட்கும் முன் அந்த இரண்டையும் கையில் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். பார்க்காமலே "கேலிப்பரை மாத்திரலாம்" என்று சொன்னால், பின்னை உருவிக் காட்டச் சொல்லி அங்கேயே நில்லுங்கள்.